முதல் லிங்க்ஸ் ஆட்டம் எங்கே: செயின்ட் ஆண்ட்ரூஸா, அபுதாபியா, ஹோ ட்ராமா?

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்த காலத்தில் பழகி, ஊர் திரும்பிய பிறகும் விட மனமில்லாமல் கோயம்புத்தூருக்கும் ஊட்டிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களே அதிகம். ஒரு தடவையாவது லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்மேட்டு மைதானத்தில் ஆடிவிட வேண்டும் என்ற ஆசை அவர்களில் பலருக்கும் உண்டு. அதற்கு நடைமுறையில் நான்கு வழிகள்: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம், அதே வட்டாரத்துச் சிற்றூர் மைதானங்கள், அபுதாபியின் யாஸ் லிங்க்ஸ், வியட்நாமின் ஹோ ட்ராம் கடற்கரையில் இருக்கும் தி பிளஃப்ஸ். செலவு, விசா, பருவம் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் படத்தில் தெரியும் கடலைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது புல்லையும் மண்ணையும்தான்.

அருகம்புல்லும் ஃபெஸ்க்யூவும்

கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டுப் பட்டைதான் லிங்க்ஸ் நிலம். நம் கணக்கில் நெய்தல் முடிந்து மருதம் தொடங்கும் இடம். பயிருக்கு ஆகாது; ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் கட்டையாகவே நிற்கும். வேதாரண்யம் பக்கம் சவுக்கும் நிலக்கடலையும் நிற்கிற மணல்மேடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தின் ஏற்ற இறக்கம் சட்டென்று பிடிபடும். (அதற்காகக் கோடியக்கரை சரணாலயத்துக்குள் கிளப்போடு, அதாவது கோல்ஃப் மட்டையோடு, போய்விட வேண்டாம்.) மணல் என்பதால் மழைத்தண்ணீர் தேங்குவதில்லை. தரை எப்போதும் இறுகி, வறண்டு இருக்கும். நம் வயலின் களிமண் இதற்கு நேர் எதிர்: ஈரத்தில் உப்பிச் சேறாகும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்.

அந்த மணலில் வளர்வது ஃபெஸ்க்யூ என்ற ஊசிபோல் மெல்லிய குளிர்நாட்டுப் புல். பந்து அதன்மேல் விழுந்தால் நிற்காது. குதித்து, உருண்டு, மேட்டில் ஏறி, பள்ளத்தில் திரும்பி ஓடும். விழுந்த இடத்திலிருந்து நாற்பது கெஜம் தள்ளிப் போய் நிற்பதெல்லாம் சாதாரணம். லிங்க்ஸ் ஆட்டத்தின் சாரமே இந்த ஓட்டம்தான். கடல், கல் பாலம், பழைய கட்டடம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் ஊர் வெப்பத்தில் ஃபெஸ்க்யூ பிழைக்காது. இந்திய மைதானங்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா. அதாவது பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும். தரையோடு கொடி ஓடிப் பின்னிக்கொள்ளும் புல் அது. பந்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து வைத்துக்கொள்வதால் அடிக்கச் சுகம். ஆனால் உருண்டு வரும் பந்தை அதே பின்னல் பிடித்து நிறுத்திவிடும். உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பதற்காக வளைகுடாவில் போடும் பாஸ்பாலம் என்ற புல்லும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் பிசுபிசுப்பு. ஆக வெப்ப நாட்டில் ‘லிங்க்ஸ் பாணி’ என்று கட்டப்படும் மைதானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேடு பள்ளம் கிடைக்கும், காற்று கிடைக்கும், பள்ள பங்கர் (மணல்குழி) கிடைக்கும். ஓட்டம் மட்டும் பாதிதான் கிடைக்கும்.

இதை ஒப்புக்கொண்டால் மீதிக் கணக்கு எளிது. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணமும் விடுப்பும் இருக்கிறது என்றால் ஸ்காட்லாந்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் பழைய மைதானத்தை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

பழைய மைதானம்: கிடைத்தால் ஆடுங்கள்

செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் பொது மைதானம். ஆனாலும் நினைத்த நாளில் ஆட முடியாது. வெளியூர்க்காரருக்கு முக்கிய வழி குலுக்கல். வியாழக்கிழமை ஆட வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அன்று மாலையே முடிவு தெரியும். குறைந்தது இரண்டு பேர், அதிகம் நான்கு பேர். தனியாகப் போகிறவருக்கு வேறு குலுக்கல்: ஆட்டத்துக்கு முந்தைய நாள் நேரில் போய்ப் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. ஊர்மக்கள் நாயோடு நடந்துபோவார்கள். ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்று கேட்பார்கள் என்பதால் உங்கள் கோல்ஃப் சங்கத்தில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கோடைக்கால ஆட்டக் கட்டணம் 300 பவுண்டைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 30,000 ரூபாய்க்கு மேல். மைதானத்துக்குள் ஓட்டும் பக்கி வண்டி மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். முழங்கால் தகராறு உள்ளவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

குலுக்கல் என்பதால் குறைந்தது நான்கைந்து நாள் அந்த ஊரில் தங்குகிற மாதிரி திட்டமிட வேண்டும், தினமும் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் மட்டும் ஒதுக்கிவிட்டு வந்து கிடைக்கவில்லை என்று முகம் தொங்கப் போகிறவர்கள்தான் அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டமும் கட்டணமும் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் ஃபேர்வேயில் (அடிக்கத் தொடங்கும் இடத்துக்கும் குழிக்கும் நடுவிலான கட்டைப்புல் பாதையில்) பந்தைச் சின்னச் செயற்கை விரிப்பின்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அசல் தரைக்காக அத்தனை தூரம் போய் விரிப்பில் அடிப்பதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

மைதானத்தைப் பற்றி ஆடுமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில. பங்கர்கள் 112. ஏழு கிரீன்கள் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைகள்) இரட்டை; இரண்டாவது குழியும் பதினாறாவது குழியும் ஒரே கிரீனில், மூன்றும் பதினைந்தும் ஒன்றில் என்று போகும். கூட்டினால் எப்போதும் 18 வரும். போகும் வழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழிக்குச் சிவப்பு. பதினெட்டாவது மட்டும் வெள்ளை. இதைக் கவனிக்காமல் தவறான கொடியைக் குறிவைத்தால் ஐம்பது கெஜத்தில் பட் (தரையில் உருட்டும் அடி) அடிக்க வேண்டிவரும். சுற்று முழுக்க இடஞ்சுழியாகப் போவதால் தொல்லை பெரும்பாலும் வலப்பக்கம்: முட்புதரும் எல்லைக்கோடும். இடப்பக்கம் பக்கத்துக் குழியின் ஃபேர்வே இருக்கும். எங்கே அடிப்பது என்று தெரியாவிட்டால் இடப்பக்கம் அடியுங்கள். பந்து வலப்பக்கம் வளையும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த ஒரு வரியே ஐந்தாறு அடிகளை மிச்சப்படுத்தும். பதினேழாவது குழியில் கிரீனுக்குப் பின்னால் இருக்கும் சாலையும் கல்சுவரும் ஆட்டத்துக்குள் சேர்ந்தவை. பந்து சாலையில் நின்றால் அங்கிருந்தே அடிக்க வேண்டும்.

குலுக்கல் விழாத நாட்களை வீணாக்க வேண்டாம். அதே ஊரில் நியூ (1895), ஜூபிலி (1897), ஈடன் (1914) எல்லாம் பக்கத்துப் பக்கத்து நிலம், அதே மணல், அதே புல். பெயர்தான் ‘நியூ’, அதற்கே நூற்று முப்பது வயது. முன்பதிவும் கிடைக்கும். மாலையில் ஹிமாலயாஸ் என்கிற பட்டிங் மைதானத்துக்கு வெறும் பட்டரோடு (பட் அடிக்கும் கிளப்போடு) போகலாம். 1867 முதல் இருக்கிறது, சில பவுண்டுதான். கோல்ஃப் தெரியாத மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரே இடம் அதுதான். கிரீனுக்கு வெளியிலிருந்து பட் அடிக்கப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

சிற்றூர் மைதானங்கள்: எங்கள் முதல் தேர்வு

செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பத்து மைலில் கிரெயில். அங்குள்ள கோல்ஃப் சங்கம் 1786-இல் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஈலி. பதினாறு குழிகள் நான்கு அடிக்கானவை (நான்கு முறை அடித்து முடிக்க வேண்டியவை), இரண்டு மூன்று அடிக்கானவை, ஐந்து அடிக் குழியே கிடையாது. முதல் டீக்கு (அடிக்கத் தொடங்கும் இடத்துக்கு) எதிரே ஒரு மேடு மறைப்பதால், முன்னால் போனவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று பார்க்க நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எடுத்த பெரிஸ்கோப்பை வைத்திருக்கிறார்கள். எடின்பரோவிலிருந்து ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல் போனால் நார்த் பெரிக். அங்கே பதின்மூன்றாவது குழியின் கிரீன் ஒரு கல்சுவருக்குப் பின்னால் இருக்கிறது. பந்தை மதிலைத் தாண்டிப் போட வேண்டும். பதினைந்தாவது குழியான ரெடான், உலகம் முழுக்க மைதானம் கட்டுகிறவர்கள் பார்த்துப் போட்ட மூல வடிவம்.

கிரெயிலிலும் ஈலியிலும் கட்டணம் பழைய மைதானத்தில் ஏறக்குறைய பாதி, சில நேரங்களில் அதற்கும் கீழே. நார்த் பெரிக் மட்டும் கொஞ்சம் கூடுதல். தேதியை வீட்டிலிருந்தே உறுதி செய்துகொள்ளலாம். முதல்முறை லிங்க்ஸ் ஆடுகிறவர் பந்தின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள மூன்று நான்கு சுற்றாவது வேண்டும்; அதை 300 பவுண்டு மைதானத்தில் கற்றுக்கொள்வது வீண்செலவு. முதலில் கிரெயில், ஈலி, பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸில் நான்கு நாள் என்ற வரிசை சரியாக இருக்கும். குலுக்கல் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாவிட்டாலும் பயணம் நஷ்டமில்லை.

அபுதாபியும் ஹோ ட்ராமும்

யாஸ் லிங்க்ஸை வடிவமைத்தவர் கைல் ஃபிலிப்ஸ். செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் பக்கத்தில் கிங்ஸ்பார்ன்ஸ் மைதானத்தைக் கட்டியவரும் அவரே. 2010-இல் திறந்தார்கள். மேடு பள்ளமும் பங்கரும் பார்வைக்கு அச்சாக ஸ்காட்லாந்து. ஓரத்தில் அலையாத்திக் காடு, முத்துப்பேட்டைக்காரர்களுக்குப் பழகிய காட்சி. புல் மட்டும் பாஸ்பாலம். தண்ணீர் பாய்ச்சியே வளர்ப்பதால் தரை அவ்வளவு இறுகாது. தாழ்வாகத் தட்டிவிட்ட பந்து பாதி வழியில் உட்கார்ந்துவிடும். பதிலுக்கு, அங்கே உறவினர் வீடு இருந்தால் தங்கும் செலவே இல்லை, விசா எளிது, திருச்சியிலிருந்தே வளைகுடாவுக்கு விமானம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் போக வேண்டும். தம்பியோ மச்சானோ அங்கே இருந்து, எப்படியும் போகப்போகிற பயணம் என்றால் ஒரு சுற்று ஆடிவிட்டு வாருங்கள். இதற்கென்றே தனியாகப் போக வேண்டாம்.

ஹோ ட்ராம் கொஞ்சம் வேறு. கிரெக் நார்மன் வடிவமைத்து 2014-இல் திறந்த மைதானம். இயற்கையாக அமைந்த கடலோர மணல்மேடுகளின்மேல் இருக்கிறது. காற்று பலமாக அடிக்கும். ஹோ சி மின் நகரத்திலிருந்து சாலையில் இரண்டு இரண்டரை மணி நேரம். இணையத்திலேயே விசா வாங்கலாம். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம். நமக்குத் தை, மாசி தோதான மாதங்கள். காற்றோடு ஆடப் பழக இந்த இரண்டில் ஹோ ட்ராமே மேல்.

எந்த மாதம்

ஸ்காட்லாந்துக்கு மே முதல் செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டுக்கூட ஒன்பது குழி ஆடலாம். ஜூலையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான். 38 டிகிரியில் பழகிய உடம்புக்கு அது குளிர், பந்துக்கும் குளிர். குளிர்ந்த, அடர்ந்த காற்றில் பந்து குறைவாகப் பறக்கும். ஊரில் 7 ஐயனில் (ஐயன் என்பது எண் குறையக் குறையத் தூரம் கூடும் இரும்புக் கிளப்) 140 கெஜம் அடிக்கிறவர் அங்கே 6 ஐயனை எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீர் புகாத மேற்சட்டை, கால்சட்டை, ஈரத்தில் பிடி வழுக்காத மழைக் கையுறை ஒரு ஜோடி. குடை வேண்டாம், காற்றில் ஒரு நிமிடம் நிற்காது.

எந்தக் கிளப்

காற்றுக்கான கைக்கணக்கு இது: எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால் தூரத்தில் ஒரு சதவீதம் கூட்டுங்கள், பின்காற்றுக்கு அரை சதவீதம் குறையுங்கள். 150 கெஜம், எதிரே 20 மைல் காற்று என்றால் அது 180 கெஜ ஆட்டம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுவார்கள். பலத்தைக் கூட்டி அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். பின்சுழற்சி கூடினால் எதிர்க்காற்றில் பந்து மேலே ஏறி அப்படியே செத்து விழும். இரண்டு மூன்று கிளப் பெரியதாக (எண் குறைந்ததாக) எடுத்து, பந்தை வலது காலை நோக்கி இரண்டு விரல் அளவு தள்ளி வைத்து, முக்கால் வீச்சில் மெதுவாக அடிக்க வேண்டும். காற்று கிரீனிலும் விடாது. 2015 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிரீன்களில் பந்து தானாக நகர்ந்ததால் சனிக்கிழமை ஆட்டத்தைப் பல மணி நேரம் நிறுத்தினார்கள். போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

கிரீனுக்கு முப்பது கெஜத்துக்குள் மூன்று வழி உண்டு. நடுவில் மேடும் முரட்டுப் புல்லும் இல்லையென்றால் பட்டர். கிரீனில் அடிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் போதும். நடுவில் சிறு தடை இருந்தால் 7 அல்லது 8 ஐயனால் தாழ்வாகத் தட்டி, நான்கில் ஒரு பங்கு பறக்கவும் மூன்று பங்கு ஓடவும் விடலாம். வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) கடைசி வழி, பங்கரைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் மட்டும். ஊரில் மெத்தென்ற புல்லுக்கு வாங்கிய வெட்ஜில் பவுன்ஸ் கோணம் (அடிப்பாகத்தின் சரிவு) 12 டிகிரிக்கு மேல் இருக்கும். இறுகிய தரையில் அந்த அடிப்பாகம் தட்டி எழும்பும். முன்விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டுப் பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிடும். 4 முதல் 8 டிகிரி உள்ளதை எடுத்துப் போங்கள்.

பள்ள பங்கரில் விழுந்தால் கொடியை மறந்துவிடுங்கள். புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவர் செங்குத்தாக நிற்கும்; அதன் அடியில் ஒட்டிக் கிடக்கும் பந்தை முன்னோக்கி அடித்தால் சுவரில் பட்டு உங்கள் காலடிக்கே திரும்பும். பக்கவாட்டில், தேவைப்பட்டால் பின்னோக்கி, ஒரே அடியில் வெளியேறுங்கள். நிற்கவே இடமில்லையென்றால் ஆடமுடியாத பந்து என்று அறிவிக்கலாம்: ஒரு அடி தண்டத்தோடு பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் போடலாம், அல்லது முன்பு அடித்த இடத்துக்குத் திரும்பலாம், 2019 விதிப்படி இரண்டு அடி தண்டத்தோடு, கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பங்கருக்கு வெளியே பின்னால் போடலாம். ஏழெட்டு அடி வீணாக்குவதைவிட இரண்டு அடி லாபம்தான்.

ஊரில் பழகுவது: வயலா, கோயம்புத்தூரா

சம்பா அறுவடைக்குப் பிறகு தரிசாகக் கிடக்கும் வயல், இறுகிய தரையில் அடிக்கப் பழக நல்ல இடம். உளுந்தோ பயறோ தெளித்த வயலாக இருக்கக் கூடாது. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேய்ச்சல் ஆடும் பம்புசெட்டும் அடிக்கும் திசையில் இருக்கக் கூடாது. கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய 7 ஐயன் ஒன்று, பத்துப் பழைய பந்துகள். 20, 40, 60 தப்படியில் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தாண்டாமல் உருட்டி நிறுத்தப் பாருங்கள். பந்தைத் தொடுமுன்பே கிளப் மண்ணைத் தொட்டால் அருகம்புல் மன்னித்துவிடும், காய்ந்த களிமண் மன்னிக்காது: மணிக்கட்டு வரை அதிரும். ஒரு வாரத்தில் கை தானாகவே பந்தை முதலில் தொடப் பழகிவிடும். வெடிப்பில் விழுந்த பந்து விழுந்ததுதான், அதற்கு விதி எதுவும் இல்லை.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் வயல் கிடைக்காது. ஆடிக்காற்றில் பழகக் கோயம்புத்தூர் செட்டிபாளையம் மைதானம்தான் சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் மேல்காற்று, தமிழ்நாட்டில் லிங்க்ஸ் காற்றுக்கு மிக அருகில் வரும் காற்று. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகப் போகும் ஜனசதாப்தியில் போய்விடலாம். விருந்தினருக்கு ஆட்ட நேரம் உண்டா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே காலை ஆறு மணி ஆட்டத்துக்கு முண்டியடிக்காமல், காற்று ஏறிய பிறகு பிற்பகல் நேரத்தைக் கேளுங்கள்; அந்த நேரம் கிடைப்பதும் சுலபம். வெட்ஜ்களைப் பையிலிருந்து எடுத்துவிட்டு பட்டர், 8, 6, 4 ஐயன்கள், டிரைவர் ஆக ஐந்து கிளப்பில் பதினெட்டுக் குழியையும் முடிக்கப் பாருங்கள்.